நான் பர்மாக்காரனைப் பிடித்த கதை

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட ஒரு வரியை நீக்கச் சொல்லி இதுவரை நான்கு பேர் போன் செய்துவிட்டீர்கள். ஒருத்தி அழுதும் பார்த்தாள். நீக்கமாட்டேன். ஒரு வரியே உங்களுக்கு உறுத்துகிறது என்றால் முழுக் கதையையும் எழுதிப் போடுகிறேன், சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். நம்மில் பாதிப் பேருக்கு அறுபது ஆகிவிட்டது, மீதிப் பேருக்கு ஆகப்போகிறது. பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படிப்பது நல்லது.

வெளியாட்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். போன வாரம் கிளாக்கர் மகன், அதாவது எங்கள் தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கின் மகன், குரூப்பில் ஒரு கேள்வி போட்டான். கல்லூரியில் படிக்கும் பேத்தி கேட்டாளாம். மனிதராகப் பிறந்த எல்லோருக்குள்ளும் வேற்று இனத்தாரைப் பற்றி வெளியே காட்டாத ஓர் இளக்காரம் இருக்கத்தான் செய்யுமா என்று. உடனே வரிசையாகப் பதில்கள். நம் தீவில் அதெல்லாம் கிடையாது. நாம் மினி இந்தியா. பெங்காலி, மலையாளி, தெலுங்கு எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். அந்தத் தட்டை நான் பார்த்ததேயில்லை, அது வேறு விஷயம். கும்பிடும் கைகளும் கொடிகளும் ரோஜாப் பூக்களுமாக வந்து குவிந்தன. நான் எழுதியது இவ்வளவுதான்: 'என்னிடம் இருக்கிறது. அந்தப் படகுக்காரரை மறந்துவிட்டீர்களா?' அதற்குப் பிறகு ரோஜாப்பூ வரவில்லை.

நாம் வளர்ந்தது நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளில். நம் பெற்றோர் சிலோன் மலையில் கொழுந்து கிள்ளியவர்கள். நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று அங்கே கப்பலேற்றினார்கள். இந்தியாவில் இறங்கி மூச்சு விடுவதற்குள் மறுபடி ஒரு கப்பலில் ஏற்றி இந்தத் தீவில் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது எனக்கு மூன்று வயது. நான் சொல்லும் கதை நடக்கும்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு, வகுப்பில் முதல். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் கெட்டிக்காரியாக இருந்ததுதான் அந்த மனிதருக்கு வினையானது.

மாசி மாதம். மழை ஓய்ந்து கடல் தட்டையாகக் கிடக்கும். ரப்பர் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். புதுத் தளிர் விட்டு முற்றும் வரை பால் வெட்டு கிடையாது. மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டைகள் கவிழ்ந்திருக்கும், புகைக்கூடத்தில் புகை இருக்காது, வருடம் முழுக்க நம் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டியிருந்த அந்தப் புளித்த பால் நாற்றம் கூடக் கொஞ்சம் விலகியிருக்கும். மற்ற மாதங்களில் பட்டப்பகலிலும் இருண்டு கிடக்கிற தோட்டத்துக்குள் அந்த ஒரு மாதம் தரை வரைக்கும் வெயில் இறங்கும். காலடியில் சருகு, அப்பளம் போல நொறுங்கும். யார் எங்கே நடந்தாலும் கேட்கும்.

கடல் தட்டையானால் பர்மாப் படகுகளும் வரும். சங்கும் கடலட்டையும் திருட்டுத்தனமாக அள்ளிப் போகிறவர்கள். அந்த மாசியில் ஒரு படகு பிடிபட்டு, அதிலிருந்து சிலர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள் என்று சொன்னார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கே ஒரு போலீஸ்காரர் வந்து, கங்காணியாக இருந்த என் பெரியப்பாவை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு அடையாளம் சொன்னார். சப்பை மூக்கு, இடுங்கிய கண், லுங்கி. பார்த்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும்.

"அப்ப நம்ம கேப்டன் அப்படித்தானே இருக்காரு பெரியப்பா?" என்று நான் கேட்டேன். பக்கத்து நிக்கோபாரிக் கிராமத்தின் தலைவரைத்தான் கேப்டன் என்போம். அங்கே தலைவருக்கு அதுதான் பட்டம்.

எல்லோரும் சிரித்தார்கள். "கேப்டன் நம்ம ஆளுடி" என்றார் பெரியப்பா. அந்த முகம் நம்முடைய தயவில்தான் நல்ல முகமாக இருந்தது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

மறுநாளே நாம் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தோம், ஞாபகமிருக்கிறதா? பர்மாக்காரன் பிடிக்கிற விளையாட்டு. நம்மோடு படித்த கேப்டன் மகள்தான் தினமும் பர்மாக்காரன். அவளுக்கு வேஷம் போட வேண்டியதில்லை என்று சொன்னது நீங்களா நானா என்று இப்போது சண்டை போட வேண்டாம், நான்தான். அவளும் சிரித்துக்கொண்டு ஓடினாள். நான்கு நாள் ஓடினாள். ஐந்தாம் நாளிலிருந்து பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். பங்கு பெறத் தெரியாத பிள்ளை என்று வாத்தியார் சொன்னார்.

அடுத்த வாரம் கப்பல் நாள். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு கப்பல் வரும். ஆபீசர், போலீஸ், வாத்தியார் என்று படித்தவர்கள் அத்தனை பேரும் ஜெட்டியில் இருப்பார்கள். மெயின்லேண்ட் தமிழர்களிடம் ஜெட்டி என்றால் சிரிக்கிறார்கள். நமக்கு அது கப்பல் நிற்கும் இடம், சிரிக்க ஒன்றுமில்லை. லயத்தில் பெரியப்பாவும் புல் வெட்டுகிற சிலரும் பெண்களும் பிள்ளைகளும்தான் மிச்சம். நான் விறகு பொறுக்க ஓடைப் பக்கம் போயிருந்தேன். சருகு நொறுங்கியது. திரும்பிப் பார்த்தால் ஓடையில் ஒருவர் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். லுங்கி. அந்த மூக்கு. அந்தக் கண்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பேட்டி, ஜெட்டி கிதர் ஹை?" என்று ஹிந்தியில் வழி கேட்டார், மகளே, ஜெட்டி எந்தப் பக்கம் என்று. நல்ல ஹிந்தி, நாம் பேசுகிற அதே தீவு ஹிந்தி. அதுகூட என் மண்டையில் ஏறவில்லை. ஜெட்டிக்கு இடது பக்கம் போக வேண்டும். நான் வலது பக்கம் கையைக் காட்டி, நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, லயத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தேன்.

பத்து நிமிட நடை. வழியில் பேசிக்கொண்டே வந்தார். தீவின் மேற்குக் கரையில் சர்வே வேலைக்கு வந்திருக்கிற படகை ஓட்டுகிறவராம். குறுக்கு வழியாகத் தீவைக் கடந்து கப்பலைப் பிடிக்க வேண்டுமாம். என்ன வகுப்பு என்று கேட்டார். இங்கிலீஷ் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். நன்றாகப் படி என்றார். நான் முன்னால் நடக்க, ஒரு சந்தேகமும் இல்லாமல் பின்னால் வந்தார்.

லயம் தெரிந்ததும் நான் ஓடினேன். "பெரியப்பா, பர்மாக்காரன்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அதன் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், நீங்களும் அங்கே நின்றீர்கள். ரேஷன் மூட்டை கட்டுகிற கயிற்றால் அவரைப் பெரட்டுக்களத்துத் தூணோடு கட்டினார்கள். அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்பதை இன்றைக்கும் ஒருவர் எனக்குப் போனில் பெருமையாக ஞாபகப்படுத்தினார்.

பெரியப்பா விசாரித்தார். உன் ஊர் எது? மாயாபந்தர். வடக்கே அந்தமானில் இருக்கிற நம் ஊர்தான், கப்பலில் போகிற வழிதான். பிறந்த ஊர்? மாயாபந்தர். உன் அப்பன் பிறந்த ஊர்? அதுவும் மாயாபந்தர்தான்.

"தாத்தன்?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தாதா பர்மா சே ஆயா தா" என்றார். தாத்தா பர்மாவிலிருந்து வந்தவர். அவர் கரேன் இனத்தவர். காடு வெட்ட வெள்ளைக்காரன் பர்மாவிலிருந்து கூட்டிவந்து குடியேற்றிய ஜனங்கள். நாம் இங்கே வந்து ஆறேழு வருடம்தான் ஆகியிருந்தது. அவர்கள் வந்து மூன்று தலைமுறை.

"பாத்தீங்களா, அவன் வாயாலயே வந்துருச்சு" என்றார் பெரியப்பா.

இதை நிறுத்திப் படியுங்கள். சிலோனில் பெரியப்பாவை ஒரு ஆபீசர் கூப்பிட்டு இதே கேள்விகளை இதே வரிசையில் கேட்டிருக்கிறார். பிறந்த ஊர், அப்பா ஊர் எல்லாம் அதே மலைதான். கடைசியில் தாத்தா ஊர் என்று கேட்டபோது, துறையூர் பக்கம் என்று உண்மையைச் சொன்னதால் குடும்பமே வெளியே போக வேண்டியதாயிற்று. தேத்தண்ணி குடிக்கிற நேரமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் தாத்தா என்கிற இடம் வந்ததும் அழுதுவிடுவார். அந்த மனிதர்தான் கேட்டார், தாத்தன் ஊர் எது என்று. அவருக்கும் உறைக்கவில்லை, சுற்றி நின்ற ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைக்க இருபது வருடம் ஆனது.

பிள்ளைகள் நாம் என்ன செய்தோம்? "கள்ளத்தோணி, கள்ளத்தோணி" என்று சுற்றிச் சுற்றிக் கத்தினோம். அந்த வார்த்தை நமக்கு எங்கிருந்து கிடைத்தது? சிலோனில் பஸ் ஸ்டாண்டிலும் கடைத்தெருவிலும் நம் அம்மாக்களின் முகத்தைப் பார்த்து எறிந்த வார்த்தை அது. டிரங்குப் பெட்டியில் சாமிப் படமும் சேலையும் வைத்துக் கொண்டுவந்தது போல அதையும் கொண்டுவந்திருந்தார்கள். நாம் எடுத்துப் பயன்படுத்தினோம்.

அம்மா அதைக் கேட்டதும் எழுந்து உள்ளே போனாள். வரும்போது டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். "அதுல ஏன் குடுக்குற, செரட்டையில ஊத்திக் குடு" என்றார் பெரியப்பா. "தாகத்துக்குத்தானே கேக்குறாரு" என்று சொல்லிவிட்டு அம்மா டம்ளரையே அவர் வாயில் வைத்தாள். சிலோனிலிருந்து வந்த, விளிம்பு மடித்த பித்தளை டம்ளர். என் அம்மா நல்லவள். சாயங்காலம் அந்த டம்ளரைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தாள். இரண்டையும் நான் பார்த்தேன்.

அவர் கெஞ்ச ஆரம்பித்தார். அவிழ்க்க வேண்டாம், கட்டிய கயிற்றோடேயே ஜெட்டிக்குக் கூட்டிப் போங்கள், அங்கே போலீஸ் இருக்கும், என்னைத் தெரியும், கப்பல் போய்விடும் என்றார். சட்டைப் பையில் தாள் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்றார். பெரியப்பா எடுத்தார். போலீஸ் வயர்லெஸ்ஸில் வந்த சேதி, பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்தார். இங்கிலீஷ். ஒருவருக்கும் படிக்கத் தெரியாது.

அவரே என்னைக் காட்டினார். இந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியும், இவளிடம் கொடுங்கள் என்றார்.

நான் வாங்கிப் படித்தேன். மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி. கடைசி வார்த்தை பெரியது, எழுத்துக் கூட்டாமல் படித்ததில் எனக்குச் சந்தோஷம். மேலே பெயரும் மாயாபந்தர் என்றும் இருந்தது. அர்த்தமும் தெரிந்தது. அம்மாவுக்குச் சீரியஸ், உடனே புறப்படு. தமிழில் அப்படியே சொன்னேன். கூட்டம் கொஞ்சம் அசைந்தது. பெரியப்பாவின் கை கயிற்றுப் பக்கம் போனது, நான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. "பெரியப்பா, இது வேற யாரோடதோ. இவன் திருடிட்டு வந்திருக்கான்" என்றேன்.

"அட, ஆமால்ல" என்றார் பெரியப்பா. கை திரும்பி வந்துவிட்டது. என்ன மூளை இந்தப் பிள்ளைக்கு என்று யாரோ சொன்னார்கள்.

அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. நான் உள்ளதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நம்பி, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். சீக்கிரம் அவிழ்ப்பார்கள் என்று காத்திருந்தார்.

சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்தாய் என்கிறீர்களே, இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்துதான் செய்தேன். கையில் தாள் இருந்தது, படித்தேன், புரிந்தது. ஆனால் அந்த மூக்குக்கும் கண்ணுக்கும் ஓர் அம்மா இருப்பாள், அவள் சாகக் கிடப்பாள் என்பதை விட, அவன் திருடன் என்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அதற்கு என்ன பெயரோ அதைக் கிளாக்கர் மகனின் பேத்தியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெட்டிக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். ஆள் போய்ச் சேருவதற்குள் கப்பல் சங்கு ஊதியது. தோட்டம் முழுக்கக் கேட்டது. அவர் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் வந்தது கேப்டன்தான். ஜெட்டியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழி. பார்த்ததும் இடுப்புக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். இருவரும் ஏற்கெனவே பழக்கம். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பி, "முஜே கப் பாந்தேகா?" என்று கேட்டார். என்னை எப்போது கட்டப்போகிறாய்? பெரியப்பா சிரித்து மழுப்பினார். கேப்டன் சிரிக்கவில்லை. பின்னால் வந்த போலீஸ்காரரும் இவர் சர்வே படகுக்காரர்தான் என்று சொல்லிவிட்டு, தப்பு நடப்பதுதான், உன் முகம் அப்படி இருக்கிறது, ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று அவருக்கே புத்தி சொன்னார்.

நான்காம் நாள் வயர்லெஸ்ஸில் இன்னொரு சேதி வந்தது. அவருடைய அம்மா போய்விட்டார்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசு. ஆள் தப்பானாலும் பிள்ளை விழிப்பாக இருந்தாளே என்று வாத்தியார் பேசினார். ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார், மூடியில் இரண்டு கிளி. நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். கேப்டன் மகள் தட்டவில்லை. நான் அந்தப் பெட்டியை மூன்று வருடம் ஆசையாகப் பயன்படுத்தினேன். எப்படித் தொலைந்தது என்று தெரியவில்லை.

அடுத்த கப்பல் வரும்வரை அவர் கேப்டன் வீட்டில் இருந்தார். என் அம்மா சோறு கொடுத்தனுப்பினாள், அவர் வாங்கவில்லை. மதராசிகள் கை சுத்தமில்லை என்று அவர் சொன்னதாகச் சேதி வந்தது. இதை ஒருவர் போனில் ஞாபகமாகச் சொன்னீர்கள். பார், அவனுக்கும் இருந்ததல்லவா, எல்லோருக்கும் இருப்பதுதான், இதில் நீ ஏன் தலையில் அடித்துக்கொள்கிறாய் என்று. ஆமாம், அவருக்கும் இருந்தது. கேப்டனுக்கும் இருந்திருக்கும். எல்லோருக்கும் இருக்கட்டும். அவர் அதை வைத்துக்கொண்டு சோற்றைத் திருப்பி அனுப்பினார். நாம் அதை வைத்துக்கொண்டு ஒரு மகனைத் தாயிடம் போகவிடாமல் தூணில் கட்டினோம். கயிறு யார் கையில் இருந்தது என்று கேட்காமல், எல்லோருக்கும் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கிற வேலை என்னிடம் நடக்காது.

அது பழைய கதை என்றும் சொல்லாதீர்கள். போர்ட் பிளேரில் முப்பது வருடம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். தீவுக்காரர்களுக்குக் கட்டணம் குறைவு, அதற்குக் கார்டு காட்ட வேண்டும். ஓய்வு பெறுகிற வருடம் ஒரு கரேன் பெண், நர்ஸ் உடையில் வந்து நின்றாள். வாய் திறக்குமுன் கார்டு என்று கையை நீட்டினேன். கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "ஆன்ட்டி, எனக்கு முன்னாடி நின்ன மூணு பேர்கிட்ட நீங்க கேக்கல" என்று ஹிந்தியில் மெதுவாகச் சொன்னாள். மூன்று பேரும் தமிழர்கள், அதில் இருவர் மெயின்லேண்டிலிருந்து அந்த வாரம் வந்தவர்கள். ரூல் என்றேன். என் வீடு இருக்கிற ஹேடோ வரை பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். முப்பது வருடம் என் கை அதையே செய்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். சாகும்வரை அந்தக் கையைக் கவனித்துக்கொண்டிருப்பேன், வேறு வழியில்லை.

இனி கடைசி. பன்னிரண்டாம் நாள் கப்பல் வந்தது. தோட்டமே ஜெட்டிக்குப் போயிருந்தது. பெரியப்பா ஒரு வாழைத்தார் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், அவருக்குக் கொடுக்க. எனக்கு அது அப்போது பெரிய மனசாகத் தெரிந்தது. அவர் சின்னப் பையோடு நின்றிருந்தார். கிறிஸ்தவர், தலையை மழித்திருக்கவில்லை, அழவுமில்லை. மாயாபந்தரில் அவர் இல்லாமலே அம்மாவைப் புதைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பெரியப்பா தாரை நீட்டி, தன் உடைந்த ஹிந்தியில், "தில் மே மத் ரக்னா, பாய்" என்றார். மனசில் வைத்துக்கொள்ளாதே.

"ரக்கூங்கா" என்றார் அவர். வைத்துக்கொள்வேன்.

கோபமாகச் சொல்லவில்லை. டிக்கெட்டைக் காட்டுகிறவர் போலச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. ஏணியில் ஏறிப் போய்விட்டார். பெரியப்பா வாழைத்தாரை வைத்துக்கொண்டு, திமிரைப் பாரு, கூப்பிட்டுக் கொடுத்தா வாங்க மாட்டேங்கிறான் என்றார். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள்.

விட்டுவிடு, உன்னை நீயே மன்னித்துக்கொள் என்று நீங்கள் நான்கு பேரும் சொல்கிறீர்கள். மன்னிப்பு அந்த ஒரு மனிதரிடம் இருந்தது. அவரிடம் கேட்டோம், அவர் தர மறுத்துவிட்டார். உங்களிடம் அது கிடையாது, இல்லாததை எனக்குக் கொடுக்காதீர்கள்.